நோட்டைக் கண்டால் ஓடும் பிள்ளைக்கு எழுத்தை எப்படிப் பழக்குவது?

"என் மகளுக்கு நாலரை வயது. நோட்டை எடுத்தாலே எழுந்து ஓடிவிடுகிறாள். குதிக்கச் சொன்னால், ஆடச் சொன்னால் நாள் முழுக்கச் செய்வாள். விளையாட்டிலேயே படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்க முடியுமா, இல்லை உட்காரவைத்துப் பழக்கித்தான் ஆகவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நாலரை வயதுக்கு அதுதான் பொருத்தமும்கூட. பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். உட்காரவைத்து எழுத வைத்த வகுப்பும் நடத்தியிருக்கிறேன், ஓடவிட்ட வகுப்பும் நடத்தியிருக்கிறேன். இரண்டிலும் சொதப்பியிருக்கிறேன். ஓடவிட்டதில் எங்கே சொதப்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஆறு மாதம் மிச்சமாகும்.

தரையில் சாக்பீஸால் பத்து எழுத்து எழுதிவைத்து, "ப-வுக்கு ஓடு!", "ம-வுக்கு ஓடு!" என்று கத்துவேன். பதினைந்து பிள்ளைகளும் சிட்டாகப் பறப்பார்கள். பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து அதே எழுத்துகளைக் காட்டினால், மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மற்ற பன்னிரண்டு பேரும் அந்த மூன்று பேரின் முதுகைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். எழுத்தைப் பார்க்கவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

அதிலிருந்து எந்த விளையாட்டை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: எழுத்தைப் பார்க்காமல், ஓசையைக் கேட்காமல் இதில் பிள்ளை ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான். இணையத்தில் 'விளையாட்டு வழிக் கல்வி' என்று வருவதில் பாதி இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். எழுத்துக்கு வண்ணம் தீட்டுவது, எழுத்தின் மேல் மணி ஒட்டுவது எல்லாம் கைக்கு நல்லது. ஆனால் பசை எங்கே இருக்கிறது என்பதில்தான் பிள்ளையின் கவனம் முழுக்க இருக்கும்.

சரி, இந்தக் கேள்வியில் தேறும் ஒரு விளையாட்டு. தமிழில் ஏவல்தான் வினைச்சொல்லின் மிகச் சின்ன வடிவம். வா, போ, நில், குதி. அதிலும் ஒரு கூட்டம் 'டு'வில் முடிகிறது: ஓடு, ஆடு, பாடு, தேடு, மூடு, எடு, போடு. ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, கவிழ்த்து வையுங்கள். பிள்ளை ஒன்றைத் திருப்பிப் பார்த்து, வாயைத் திறக்காமல் அதைச் செய்துகாட்டவேண்டும். என்ன அட்டை என்று நீங்கள் கண்டுபிடிக்கவேண்டும். எல்லாமே 'டு' என்பதால் முதல் எழுத்தைப் பார்க்காமல் தப்பிக்க வழியே இல்லை. ஓ-வா, ஆ-வா, பா-வா? ஒரு முறை ஒரு பெண் 'ஆடு' அட்டையை எடுத்துச் சுழன்று ஆடினாள். அடுத்து அதே அட்டை ஒரு பையனிடம் போனது. அவன் நாலு காலில் தவழ்ந்து, விதியை மறந்து "மே" என்று கத்தினான். இரண்டும் சரிதானே! அந்தச் சண்டையைத் தீர்க்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் எல்லோர் கண்ணும் அந்த அட்டை மேல்தான் இருந்தது.

ஆனால் அட்டைக்கு வருவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. எழுத்து என்பது ஓசைக்கு வைத்த அடையாளம். சொல்லுக்குள் ஓசை தனித்தனியாக இருக்கிறது என்பதே தெரியாத பிள்ளைக்கு அடையாளத்தைக் காட்டி என்ன பயன்? பேசுகிற பிள்ளைக்கு 'பழம்' என்பது தின்கிற பொருள். அது துண்டு துண்டாகப் பிரியும் என்பது அதற்குப் புதுச் செய்தி. 1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் அவரோடு இருந்தவர்களும் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள்: சொல்லைக் கேட்டு, அதில் எத்தனை அசை (ஒரே வீச்சில் சொல்லும் ஓசைத் துண்டு) இருக்கிறதோ அத்தனை முறை மேசையில் குச்சியால் தட்டவேண்டும். 4 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது. அசைக்குப் பதிலாகத் தனித்தனி ஒலிக்குத் தட்டச் சொன்னபோது அந்த வயதில் ஒருவருக்கும் வரவில்லை. ஆக, நாலரை வயதுக்கு அசைதான் சரியான இடம். 'க்' கூட 'அ' சேர்ந்தால் 'க' என்ற கணக்கை இப்போதே எடுக்காதீர்கள்.

அசைக்குக் கை தட்டுவது எல்லோருக்கும் தெரியும். கு-ரங்-கு, மூன்று தட்டு. ப-ழம், இரண்டு தட்டு. இங்கேதான் தமிழில் ஒரு சிக்கல். 'பழம்' தட்டினால் இரண்டு, எழுதினால் மூன்று எழுத்து. புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு தட்டலில் காணாமல் போகிறது. பிள்ளைகள் முதன்முதலில் தானாக எழுதும்போது புள்ளி எழுத்தை விழுங்கிவிடுவது இதனால்தான். 'அம்மா' என்பது 'அமா' ஆகிவிடும்.

நான் செய்வது இது. குறிலுக்கு ஒரு சின்னக் குதி. நெடிலுக்குக் கையை விரித்து ஒரு நீளத் தாவல். புள்ளி எழுத்துக்குக் குந்து. 'கல்' என்றால் குதி, குந்து. 'கால்' என்றால் தாவு, குந்து. 'படம்' குதி, குதி, குந்து; 'பாடம்' தாவு, குதி, குந்து. நம் இலக்கணத்தில் மாத்திரைக்கு அளவு சொல்வதே கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் வைத்துத்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உடம்பால் அளந்த கணக்கை உடம்புக்கே திருப்பிக் கொடுக்கிறோம், வேறொன்றுமில்லை. ஒருத்தி 'அமா' என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். நான் கோடு போட்டு அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. எழுதியிருந்தபடியே "அமா" என்று படித்து, ஒரு குதி, ஒரு தாவல் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "டீச்சர், குந்த மறந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டு, இரண்டு எழுத்துக்கும் நடுவே இடமில்லாததால் மேலே ஒரு குட்டி 'ம்' நுழைத்தாள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஓசைக்கு இன்னொரு விளையாட்டு, இதற்கு ஒரு பொருளும் வேண்டாம். தலை, வயிறு, கால். நீங்கள் ஓர் ஓசையும் ஒரு சொல்லும் சொல்வீர்கள். அந்த ஓசை சொல்லின் தொடக்கத்தில் வந்தால் பிள்ளை தலையைத் தொடவேண்டும், நடுவில் வந்தால் வயிறு, கடைசியில் வந்தால் கால். 'ழ' என்றால்: 'பழம்' சொன்னால் வயிறு, 'தமிழ்' சொன்னால் கால். 'ம' என்று சொல்லி 'மரம்' கொடுத்துப் பாருங்கள். ஒரு கை தலையில், ஒரு கை காலில், பிள்ளை இரண்டாக மடிந்து நிற்கும். 'அம்மா' கொடுத்தால் வயிறும் காலும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. 'எழுத்துக்கு ஒரு சொல்' என்று முதல் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் விளையாட்டுகள் வேறு மொழிகளிலிருந்து அப்படியே வந்தவை. தமிழில் ண, ள, ழ, ற, ன சொல்லுக்கு முதலில் வருவதே இல்லை. 'ழ-வில் தொடங்கும் சொல் சொல்லு' என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? அதனால் எங்கே இருக்கிறது என்று தேடவிடுவதுதான் நமக்குச் சரிப்படும். அந்தாதி போலக் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டும் இதே பள்ளத்தில்தான் விழும்: பந்து, துணி, அப்புறம் 'ணி'யில் ஒன்றும் கிடையாது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இதையே வாய்ப்பாக மாற்றலாம். மாட்டிக்கொண்டால் உள்ளே ஒளிந்திருக்கும் உயிரை எடுத்துக்கொள் என்று சொல்லுங்கள். 'ணி'க்குள் 'இ', ஆக 'இலை' சொல்லலாம். ணி = ண் + இ என்பதை வாய்ப்பாடு இல்லாமல் கற்றுக்கொள்வது அங்கேதான். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம்.

அடுத்து, எந்த எழுத்திலிருந்து தொடங்குவது. அ, ஆ, இ வரிசையைப் பாட்டாகப் பாடட்டும், தப்பில்லை. எழுத அதிலிருந்து தொடங்காதீர்கள். 'அ'வும் 'இ'யும் வளைவும் சுழியுமாகப் பெரியவர்களுக்கே சிரமமான வடிவம். 'ஈ' கேட்கவே வேண்டாம். வடிவ எளிமையைப் பார்த்தால் ட, ப, ம, ர. இந்த நாலும் ஒரு புள்ளியும் கையில் இருந்தால் படம், மரம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். முதல் மாதத்திலேயே உண்மையான சொல்லைத் தானாகப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். 12 உயிரை முடித்து, 18 மெய்யை முடித்து, அப்புறம்தான் சொல் என்று போனால் அந்த முகத்தைப் பார்க்க ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். நாலோடு ஒரு துணைக்கால் (ா) சேர்ந்தால் மாமா, பாப்பா, மாமரம், பாடம், பாரம்.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சொனாலி நாக் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வில், எழுத்துகள் எல்லாம் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரிந்தது. உயிர்மெய் கொண்ட மொழிக்கு அது இயல்பு. இருபத்தாறு எழுத்தை ஒரு வருடத்தில் முடிக்கும் கணக்கை இங்கே போடக்கூடாது.

துணை எழுத்துகளுக்குத்தான் ஓடியாடும் விளையாட்டு உண்மையிலேயே கைகொடுக்கிறது. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் ஆளே எழுத்து. ஒருவர் 'ம' அட்டையைப் பிடித்து நிற்பார். இன்னொருவர் கால். கால் ஓடிவந்து, பார்ப்பவர்களுக்கு வலப்பக்கம் நின்றதும் எல்லோரும் 'மா' என்று கத்தவேண்டும்; விலகியதும் 'ம'. அப்புறம் ஒற்றைக்கொம்பை அனுப்புங்கள். அது இடப்பக்கம் நிற்கவேண்டும். இங்கேதான் பிள்ளைகள் திணறுவார்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது 'ம்'. அதனால் 'மெ'யைப் பார்த்து 'எம' என்று படிப்பார்கள். கொம்பாக நிற்கும் பிள்ளைக்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: முன்னால் போய் நிற்கலாம், ஆனால் குரலைப் பின்னால்தான் கொடுக்கவேண்டும். 'ம' பிள்ளை உதட்டை மூடி "ம்ம்" என்று தொடங்கும், கொம்பு "எ" என்று முடிக்கும். பிறகு கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் 'மொ'. மூன்று பேர் நின்றாலும் ஓர் எழுத்துதான் என்பது நின்று பார்த்தவர்களுக்கு மறக்காது. வீட்டில் ஆள் இல்லையென்றால் பொம்மைகளை நிறுத்துங்கள். கு, சு, து, மு வரிசைக்கு இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைகிறது. அதைப் பிற்பாடு, ஒன்றிரண்டாக, சொல்லோடு சேர்த்துப் பழக்கினால் போதும்.

இனி எழுதுவது. பெரிதிலிருந்து சிறிதுக்கு என்பதுதான் வழி: முதலில் முழு உடம்பு, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் விரல். தரையில் ஆள் உயரத்துக்கு 'ட' வரைந்து அதன் மேல் நடக்கவிடுங்கள். மேலிருந்து கீழே, பிறகு வலது பக்கம் திரும்பு, நில். அங்கே நிற்காமல் திரும்பவும் மேலே நடந்தால் 'ப' ஆகிவிடும். ஒரு பையன் இதைக் கண்டுபிடித்த அன்று ட-ப, ட-ப என்று முப்பது முறையாவது நடந்திருப்பான். எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது காலுக்குத் தெரிந்துவிட்டால் கைக்குச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. ஒரு கவனம்: எல்லா நாளும் ஒரே பக்கத்திலிருந்து எழுத்துக்குள் நுழையச் சொல்லுங்கள். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலிதான்; எழுத்து அப்படியல்ல. இத்தனை நாள் உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விநோதமான விதி. ஐந்து வயதில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணம், அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

காற்றில் எழுதுவதும் நல்லதுதான். ஆனால் பிள்ளையைப் பார்த்து நின்று எழுதிக்காட்டினால் அதற்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். முதுகைக் காட்டி நின்று எழுதுங்கள். அதோடு காற்றில் தடம் இருக்காது, தப்பு தெரியாது. எனக்குப் பிடித்தது தண்ணீர். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு வெயில் பட்ட சுவர். எழுதிய 'ம' காய்ந்து மறைவதற்குள் இன்னொன்று எழுதவேண்டும். தப்பானாலும் தானாக அழிந்துவிடும், அழி ரப்பருக்காக அழுகை இல்லை. முதுகில் விரலால் எழுதி என்ன எழுத்து என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு, தூங்கப்போகும் நேரத்துக்கு நல்லது. தொட்டு உணர்ந்து எழுத்தைப் பழக்குவது ஒன்றும் புதிதல்ல. 1907இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, இரண்டு விரலால் தடவவைத்தார். அவரிடம் இருந்த பிள்ளைகள் படிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கினார்கள்.

புள்ளிக்கோட்டு நோட்டைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. புள்ளிகளை இணைக்கிற பிள்ளை புள்ளியைப் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை. கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும், கோட்டின் மேல் வரையவும், விசைப்பலகையில் தட்டவும் வைத்துவிட்டு, பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையைப் படம் எடுத்தார்கள். படிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள், தாமே எழுதிய எழுத்துகளுக்குத்தான் அதிகம் விழித்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் வகுப்பில் பார்ப்பதும் அதுதான்: கோணல்மாணலாக, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதும்போதுதான் எது மாறினாலும் 'ப' 'ப'தான் என்பது பிடிபடுகிறது. விரலுக்கு வலு வரட்டும் என்றால் காகிதம் கிழிக்கட்டும், துணிக் கிளிப்பை மாட்டிக் கழற்றட்டும். பென்சிலுக்குப் பதில் கட்டை விரல் நீளத்துக்கு உடைத்த கிரையான் துண்டு கொடுங்கள். முழு முஷ்டியால் அதைப் பிடிக்க முடியாது. விரல் நுனிகள் தானாக வேலைக்கு வந்துவிடும்.

பிறகு எழுத ஒரு காரணம் கொடுங்கள். பொம்மை வீட்டுக் கதவில் 'வராதே' என்று ஓர் அறிவிப்பு தேவைப்பட்டால் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து எழுதும். 'வரதே' என்று எழுதினாலும் அறிவிப்பு அறிவிப்புதான். மதித்து வெளியே நில்லுங்கள்.

போட்டி விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. ஆளோடு ஆள் மோதவிட்டால் மெதுவான பிள்ளை இரண்டே நாளில் 'எனக்கு வராது' என்று ஒதுங்கிவிடும். எல்லோரும் சேர்ந்து கடிகாரத்தை ஜெயிப்பது நல்லது. நேரமும் அப்படித்தான், ஒரு வேளைக்குப் பத்து நிமிடம். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், நாளைக்குத் தானே வந்து இழுக்கும்.

ஓட்டம் எல்லாவற்றுக்கும் மாற்று என்று நினைத்துவிடாதீர்கள். மடியில் வைத்துக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவது தனி. அதற்குக் குதிக்கத் தேவையில்லை. சொல்வளம் அங்கேயிருந்துதான் வரும். 'தேடு' என்ற எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு அப்படியென்றால் என்ன என்று விழிக்காமலிருக்க அது வேண்டும். அதேபோல், விளையாட்டெல்லாம் ஆடியும் ஏழு வயது நெருங்கும்போது பழகிய நாலைந்து எழுத்துகளைக்கூடத் திரும்பத் திரும்ப மறந்தால், அல்லது தலை-வயிறு-கால் விளையாட்டில் ஓசை பிடிபடவே இல்லையென்றால், காதையும் கண்ணையும் ஒரு முறை பரிசோதித்துவிட்டு, கற்றல் சிக்கல்களைப் பார்க்கும் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். நாலரையில் அந்தக் கவலை வேண்டாம். பின்லாந்தில் பள்ளியே 7 வயதில்தான் தொடங்குகிறது.

நாளைக்கு ஆரம்பிப்பதானால் இவ்வளவு போதும்: காலையில் பல் தேய்க்கும்போது தலை-வயிறு-கால், சாயங்காலம் சுவரில் தண்ணீரால் ஒரு 'ட', ஒரு 'ப'. இரண்டு வாரம் இப்படியே போகட்டும். அப்புறம் ஓடு, ஆடு, பாடு என்று மூன்று அட்டை. அவளும் 'ஆடு' அட்டையைப் பார்த்து "மே" என்று கத்தினால் மார்க் போட்டுவிடுங்கள்.